மீற்றர் ஓடாத ஞாயிறு

டொனல் போய்விட்டானாம்.
பாண் வாங்கப் போன இடத்தில் நிஸ்தார் நாநாதான் சொன்னார்,
மிச்சக் காசை எண்ணியபடி:
"உங்கட பாட்டுக்காரன் மௌத்தாகிட்டார் தங்கச்சி."

பாட்டுக்காரன் என்றால் வெள்ளவத்தையில் ஒருவன்தான்.
மாமிமார் வாயில் அவன் தோணி.
அயர்லாந்தில் அவனுக்கு ஊரே திரண்டதாம்,
மழையில் சனம் தெருவில் நின்று பாடியதாம்.
இங்கே அவன் நிஸ்தார் கொப்பியில்
நாற்பத்திரண்டு ரூபா கடன்:
இரண்டு முட்டை ரோல்ஸ், பிளேன்டீ, ஒரு பெட்டி நெருப்புக்குச்சி.
வெட்டமாட்டேன் என்கிறார் நாநா.
"கிடக்கட்டும், அவர்ட கையெழுத்து இருக்கு."

மத்திய வங்கி வெடித்த வருஷம் வந்தவன்.
றீற்றா அன்ரியின் மேல்மாடி அறை.
பொலிஸ் பதிவில் தொழில் என்ற இடத்தில்
பாடகன் என்று அவன் எழுத,
சார்ஜன் அதை வெட்டிவிட்டு
உல்லாசப் பயணி என்று எழுதினாராம்.
பதிவு என்ற சொல்லுக்கு நாங்கள் சிரிப்பதில்லை.
அவன் சொன்னபோது மட்டும்
வயிறு நோகச் சிரித்தோம்.

மாலையில் தண்டவாளக் கல்லில் இருந்து பாடுவான்.
ரயில் வந்தால் ஒரு கையை உயர்த்துவான்,
கடைசிப் பெட்டி கடக்கும்வரை அசையமாட்டான்,
பிறகு
விட்ட எழுத்திலேயே தொடங்குவான்.

எனக்கு வேலை கொமியுனிக்கேஷனில்.
மீற்றர் பார்ப்பது, பற்றுச்சீட்டு எழுதுவது.
ஞாயிறு நாலு மணிக்கு வரிசை காலி வீதி வரை நிற்கும்,
வியர்வையில் இலக்கம் அழிந்த துண்டுகளோடு
ரொறன்ரோ, பாரிஸ், சூரிச்.
முதலாம் கூண்டில் ஒரு தாய்:
"கேக்குதோ? சாப்பிட்டியோ? குளிருக்குப் போட்டிருக்கிறியோ?"
இரண்டாம் கூண்டில் அவன்,
தன் தாய்க்குப் பாடிக்கொண்டு.

அவளுக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது.
பேச்சுப் பிடிபடாது, பாட்டென்றால் பிடிபடும்.
ஆங்கிலமில்லை, அவர்களின் சொந்தப் பாஷை,
தொண்டையின் அடியில் உரசி வருவது.
கண்ணாடிக்கு இப்பால் இருந்து
பொருள் தெரியாமலே நான் பாடமாக்கினேன்.

"எங்கட பிள்ளையள் அங்க, நாங்க இங்க.
இவன் ஒருத்தன்தான் மாறிப் போனான்"
என்பா திலகவதி மாமி.
அவன் பாடும்போது ஒருவரும்
கெதியா முடி என்று கதவைத் தட்டியதில்லை.
ஆறாம் நிமிஷம் வரும்போது
என் விரல் தானாக மீற்றரை நிறுத்தும்.
கணக்குக் குறையுதே என்று முதலாளி கேட்டார் ஒருநாள்.
லைன் கூடாது சேர் என்றேன்.

அந்த ஞாயிறும் வந்தான்.
சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு.
கூண்டுக்குள் போனான், ரிசீவரை எடுத்தான்,
பாடினான்.
மீற்றரில் சிவப்புப் பூச்சியங்கள்.
பழுதாகிவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன்.
பிறகுதான் கண்டேன்,
இடது கை விரலால்
கொளுக்கியை அழுத்திப் பிடித்திருந்தான்.

முழுப் பாட்டும் பாடினான்.
பக்கத்துக் கூண்டிலிருந்த மாமி
சூரிச்சிலிருந்த மகனிடம்
"பொறு ராசா, கொஞ்சம் பொறு" என்றா.
அவவின் காசு ஓடியது, ஓடட்டும் என்று நின்றா.

வெளியே வந்து
ஆறு நிமிஷக் காசை எண்ணி வைத்தான்.
வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
பற்றுச்சீட்டு எழுதினேன்.
நிமிஷம்: ஆறு.
எந்த ஊர் என்ற கட்டத்தில்
பேனை அப்படியே நின்றது.
அவன் சீட்டை என் பக்கம் இழுக்காமல்
தலைகீழாகவே வாசித்து,
"வெள்ளவத்தை" என்றான்,
ள என்பது ல ஆகி.

இப்போது அந்த இடத்தில்
கைபேசி உறை விற்கிறார்கள்.
இன்று நாலு மணிக்குப் போய் வாசலில் நின்றேன்.
வாய்க்குள் அந்தப் பாட்டு, பாதிக்குக் கிட்ட.
கல்கிசைப் பக்கம் போகும் ரயில் கூவியது.
கையை உயர்த்தினேன்.

ஒரு ஓட்டோ வந்து நின்றது.